பத்தமடைப் பாயும் மாறிப்போன மாவட்டமும்

ஆழ்வார்குறிச்சி

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பாப்பாவுக்குக் கல்யாணம் முடிவானதில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். பத்திரிகையில் நம் ஊருக்கு எந்த மாவட்டம் போடுவது என்று கேட்டிருந்தாயே, தென்காசி என்றே போடு. 2019 நவம்பர் 22இலிருந்து நாம் தென்காசிக்காரர்கள். எனக்கே கைப்பழக்கம் போகவில்லை. போன மாதம் ஒரு விண்ணப்பத்தில் திருநெல்வேலி என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். திருத்திக்கொண்டு வா என்று இரண்டு நடை நடக்க விட்டார்கள். ஆனாலும் மாவட்டம் பிரிந்ததில் எனக்குக் குறையில்லை. கலெக்டரிடம் ஒரு மனு கொடுக்கத் திருநெல்வேலிக் கொக்கிரகுளம் போனால் அன்றைய நாள் போச்சு என்றிருந்தது. இப்போது மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

பக்கத்து அம்பாசமுத்திரம் மட்டும் இன்னும் திருநெல்வேலியில்தான். நாம் முங்கிக் குளித்த கடனா ஆறு திருப்புடைமருதூரில் தாமிரபரணியோடு சேர்கிறதே, அதுவும் இப்போது வேறு மாவட்டம். ஆறு கடலில் விழும் புன்னைக்காயல் 1986லேயே தூத்துக்குடியோடு போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் நீயும் நானும் வரைந்த ஜில்லா படத்தை இப்போது மூன்றாகக் கிழிக்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சீர்ப் பாய்க்காகப் பத்தமடை போயிருந்தேன். கடைக்குப் போகாமல் நெய்கிற வீட்டுக்கே போனேன். கோரையைப் பச்சையாக அறுத்துக் காயவைத்து, கட்டுக்கட்டாக ஓடுகிற தண்ணீரில் ஒரு வாரம் போல ஊறப்போடுகிறார்கள். மூன்று மடங்கு பருத்துவிடுமாம். அப்புறம் மறுபடி வெயில். பட்டுப் பாய்க்கு அதையும் நார் நாராகக் கிழிக்க வேண்டும்.

நெய்கிற அம்மா தரையோடு நீளவாட்டில் இழுத்துக் கட்டிய பாவு நூலின் மேலேயே உட்கார்ந்திருந்தார். நீளக் குச்சியில் ஒரு கோரையை மாட்டி நூலுக்கு நடுவே விட்டு இழுத்து, அச்சால் ஒரு தட்டு. பிறகு அடுத்த கோரை. எனக்குக் கொடுத்த டீயை நான் குடித்து முடிக்கும்வரை பாய் ஒரு விரல்கூட ஏறவில்லை. பாவு நூல் நெருங்க நெருங்கப் பாய் துணி மாதிரி மடியும். 1953இல் எலிசபெத் ராணி முடிசூட்டிக்கொண்டபோது இங்கிருந்து பாய் போன கதையை அந்த ஊரில் சொல்லாதவர் இல்லை. விலையைக் கேட்டதும் திகைத்தேன்தான். வேலையைப் பார்த்த பிறகு பேரம் பேச வாய் வரவில்லை. என் வீட்டில் கிடப்பது பிளாஸ்டிக் பாய் என்பதையும் சொல்லவில்லை.

இப்போது ஒரு வேலை உனக்கு. மணமக்கள் பெயரைப் பாயிலேயே நெய்து தருவார்கள். மாப்பிள்ளை (உன்னைச் சொல்லவில்லை) பெயரில் வருவது ‘ஷ’வா ‘ச’வா? தாளில் தெளிவாக எழுதிக் கேட்கிறார்கள். நெய்துவிட்டால் விண்ணப்பம் மாதிரி அடித்துத் திருத்த முடியாதாம். இந்த வாரமே எழுதிப் போடு.

உன் மச்சான்