ஒற்றை இதய அறைப் பிள்ளைகள் வளர்ந்த பின்னும் கிளினிக் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இதயச் சத்திரசிகிச்சை முடிந்து கொழும்பிலிருந்து வீடு திரும்பும் பிள்ளையைப் பார்த்து, "இனிப் பயமில்லை" என்று சொல்வது எங்கள் ஊர்களில் வழக்கம். சிறிய ஓட்டையொன்றை மூடிய பிள்ளைக்குப் பெரும்பாலும் அது பொருந்தும். ஆனால் சரிவர இயங்கும் ஒரே ஒரு கீழறையுடன் பிறந்த பிள்ளைக்குப் பொருந்தாது.

இவர்களுக்குப் படிப்படியாகச் செய்யப்படும் சத்திரசிகிச்சைகளில் இறுதியானது, பிரான்ஸின் பிரான்சிஸ் ஃபொன்டான் 1971இல் வெளியிட்ட முறையாகும். இதில் உடலிலிருந்து திரும்பும் இரத்தம் இதயத்துக்குள் செல்லாமல் நேரே நுரையீரலுக்குத் திருப்பப்படுகிறது. நீலம் பாரித்த நகங்கள் சிவந்துவருவது பெற்றோருக்குப் பேராறுதல்தான். எனினும் இரத்தத்தை நுரையீரலுக்குத் தள்ள அறை எதுவும் இல்லாததால் நாளங்களில் அழுத்தம் எப்போதும் உயர்ந்தே இருக்கும். அதனால் ஈரல் மெல்ல மெல்லத் தழும்பேறுவதுடன், இதயத்துடிப்புக் குழப்பம், இரத்தக்கட்டி, குடல்வழிப் புரத இழப்பு என்பனவும் பின்னாளில் வரக்கூடும்.

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1973 முதல் 2012 வரை இச்சிகிச்சை பெற்றோரில் 10 ஆண்டுகள் கடந்து வாழ்ந்தோர் 74 சதவீதம், 30 ஆண்டுகள் கடந்தோர் 43 சதவீதம். 2001க்குப் பின் செய்துகொண்டோரில் 10 ஆண்டுகளைக் கடந்தோர் 95 சதவீதமாக உயர்ந்தது பெரும் சாதனை. ஆகவே இன்று கவலைக்குரியது அதற்கடுத்த காலமே.

களுவாஞ்சிகுடிப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த, உயர்தரம் படிக்கும் பிள்ளையொருத்தியின் கிளினிக் கொப்பியை அவரது தாயார் பொலித்தீன் உறையில் பத்திரமாக வைத்திருக்கிறார். சிறுவர் கிளினிக்கிலிருந்து விடுவிக்கப்பட்ட பின் அதில் ஒரு பதிவும் இல்லை. கணுக்கால் வீங்கியதை வெயிலில் நின்றதால் என்றே அவர்கள் எண்ணியிருந்தார்கள். தாதிய உத்தியோகத்தராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற எனக்கு அது மிகுந்த அச்சத்தைத் தந்தது.

மட்டக்களப்பு, கல்முனைப் பிராந்திய சுகாதாரப் பணிப்பாளர்கள் இப்பிள்ளைகளின் பதிவேடொன்றைத் தயாரித்து, சிறுவர் கிளினிக்கிலிருந்து வளர்ந்தோர் கிளினிக்குக்கு எழுத்துமூலம் ஒப்படைக்கவும், எக்கோ, ஈரல் ஸ்கான், இரத்தப் பரிசோதனைகளை இங்கேயே ஒழுங்காகச் செய்யவும் வழிசெய்ய வேண்டும். பெண்பிள்ளைகளுக்குக் கர்ப்பகாலம் ஆபத்து மிகுந்தது என்பதாலும், இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கப்படும் வார்ஃபரின் கருவைப் பாதிக்கும் என்பதாலும், திருமணப் பேச்சு எடுக்குமுன்பே இதய வைத்திய நிபுணரின் ஆலோசனை அவர்களுக்குக் கிடைக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்,
களுவாஞ்சிகுடி.