மறுப்பும் அதே பக்கத்தில், அதே அளவில் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலூர் சத்துவாச்சாரியில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். உங்கள் நாளிதழைக் கடைக்கு வாங்கிப் போடுகிறேன், வருகிறவர்களும் எடுத்துப் படிக்கிறார்கள். "சர்க்கரை நோய்க்கு நிரந்தரத் தீர்வு, ஒரே மண்டலத்தில் மாத்திரையை நிறுத்தலாம்" என்கிற மாதிரி அதில் வரும் விளம்பரங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். இதே சரக்கு லோக்கல் கேபிளில் நீளமான நிகழ்ச்சியாக ஓடுகிறது, பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸாகக் கையில் திணிக்கிறார்கள், ஆனால் பேப்பரில் வந்துவிட்டால் அதற்குத் தனி மதிப்பு. "பேப்பர்லயே போட்டிருக்காங்க சார்" என்று கத்தரித்து எடுத்து வந்து காட்டுகிறார்கள்.

அலமேலுமங்காபுரத்துப் பக்கம் பீடி சுற்றுகிற ஒரு அம்மா மாதா மாதம் என்னிடம் இன்சுலின் வாங்குவார். திடீரென்று வருவதை நிறுத்திவிட்டார். விளம்பரத்தில் இருந்த நம்பருக்குப் போன் செய்து கூரியரில் சூரணம் வரவழைத்துச் சாப்பிட்டிருக்கிறார், அதற்காக நகையை அடகு வைத்திருக்கிறார். இன்சுலினை நிறுத்தச் சொன்னதும் போனில் பேசியவர்கள்தான். கால் விரலில் புண் வந்து, அது ஆறாமல் போய், கடைசியில் விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். வாழ்நாள் முழுக்க ஊசி போட வேண்டும் என்று இருப்பவருக்கு அது தேவையில்லை என்று ஒருவர் அச்சிலேயே எழுதிக் கொடுத்தால் நம்பத்தான் செய்வார்.

சூரணம் நல்லதா கெட்டதா என்ற விவாதமே இங்கே தேவையில்லை. சித்த மருத்துவத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு, இது அதைப் பற்றிய சண்டையும் இல்லை. 1954-லேயே மருந்துகள் மற்றும் மாய நிவாரணிகள் சட்டம் என்று ஒன்று வந்தது. நீரிழிவு, புற்றுநோய், பக்கவாதம் உட்பட ஒரு நீண்ட பட்டியலில் உள்ள நோய்களைக் குணப்படுத்துவதாக எந்த மருந்துக்கும் பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதே அதன்படி குற்றம், முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை கொடுக்கலாம். பத்திரிகைகள் இந்தச் சட்டத்துக்கு மாறான விளம்பரங்களை வெளியிடக் கூடாது என்று பத்திரிகைகளைக் கண்காணிக்கும் பிரஸ் கவுன்சிலின் நடத்தை விதிகளும் சொல்கின்றன. அப்படியிருக்க, "விளம்பரங்களின் உண்மைத்தன்மைக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று ஓரத்தில் ஒரு வரி போட்டுவிட்டால் சரியாகிவிடுமா?

சரி, புகார் கொடுத்தால் என்ன ஆகிறது? விளம்பரத் துறையே 1985-இல் தனக்காக அமைத்துக்கொண்ட இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் மும்பையில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் புகார் செய்யலாம், விசாரித்து, தவறு என்றால் விளம்பரத்தைத் திருத்தவோ நிறுத்தவோ சொல்வார்கள். அபராதம் போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அந்த அதிகாரம் 2019 நுகர்வோர் சட்டத்தின் கீழ் 2020-இல் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு இருக்கிறது, முதல் தவறுக்கு 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை, விளம்பரத்தில் நடிக்கும் பிரபலங்களுக்குத் தடை கூட விதிக்கலாம். "நிபந்தனைக்கு உட்பட்டது" என்கிற மாதிரி அடியில் போடும் பொறுப்புத் துறப்பு வாசகம், விளம்பரம் எந்த மொழியிலோ அதே மொழியில் இருக்க வேண்டும் என்று 2022-இல் விதியும் வந்துவிட்டது. இன்னமும் தமிழ் விளம்பரத்துக்கு அடியில் எறும்பு சைஸில் ஆங்கிலம்தான் ஓடுகிறது. 

இவ்வளவும் இருந்தும் எனக்கு ஆறாத விஷயம், தீர்ப்பு வருவதற்குள் விளம்பரம் தன் வேலையை முடித்துவிடுகிறது. ஒரு மாதம் ஓடவேண்டியது ஓடிவிடும், பணம் வந்துவிடும், அப்புறம் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவதில் அவர்களுக்கு என்ன நஷ்டம், பெயரை மாற்றி வேறு டப்பாவில் வருவார்கள். உத்தரவு ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கும். மருந்து வாங்கிய அந்த அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்?

நோய்களைக் குணப்படுத்துவதாகத் தவறான விளம்பரம் செய்ததாக ஆயுர்வேத மருந்துக் கம்பெனியான பதஞ்சலி மேல் நடந்த வழக்கு ஞாபகம் இருக்கும். 2024 ஏப்ரலில் 67 பத்திரிகைகளில் மன்னிப்பு விளம்பரம் கொடுத்துவிட்டதாக அவர்கள் சொன்னபோது, நீங்கள் வழக்கமாகக் கொடுக்கும் முழுப்பக்க விளம்பரத்தின் அளவில்தான் அது வந்ததா என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. அதற்கு மறுநாளே பெரிய அளவில் இன்னொரு மன்னிப்பு வந்தது. அந்தக் கேள்வியை எல்லா விளம்பரத்துக்கும் கேட்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. இது சட்டத்துக்குப் புதிதும் இல்லை. திருத்த விளம்பரம் கொடுக்கச் சொல்லி நுகர்வோர் நீதிமன்றம் உத்தரவிட முடியும். முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்களை, அதாவது அனுமதி இல்லாமல் மக்களிடம் பணம் வசூலிக்கும் திட்டங்களைத் தடை செய்யும் 2019 சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், அப்படிப்பட்ட திட்டத்துக்கு விளம்பரம் போட்ட பத்திரிகையே அதே இடத்தில் இலவசமாக மறுப்பு வெளியிட வேண்டும் என்று அரசு உத்தரவிட வழி செய்திருக்கிறது. அதிக வட்டி ஆசை காட்டிய கம்பெனிகளிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு வேலூர், காட்பாடி, ஆரணிப் பக்கம் எத்தனை குடும்பங்கள் தவித்தன என்று உங்கள் நிருபர்களே எழுதினார்கள். பணத்துக்கு ஒரு நியாயம், உடம்புக்கு வேறு நியாயமா?

சட்டம் மாறும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. 1954 பட்டியலில் உள்ள நோய்களைக் குணப்படுத்துவதாகச் சொல்லும் விளம்பரங்களை இன்றிலிருந்து வாங்காதீர்கள். உங்கள் பேப்பரில் வந்த ஒரு விளம்பரம் தவறு என்று விளம்பரத் தரக் கவுன்சிலோ நுகர்வோர் ஆணையமோ சொன்னால், அந்த விளம்பரம் எந்தப் பக்கத்தில் எந்த அளவில் வந்ததோ அதே பக்கத்தில் அதே அளவில், பொருளின் பெயரோடு தமிழில் செய்தியாகப் போடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம் என்பதையும் அதன் கீழே சேர்த்துவிடுங்கள். முதலில் வரும் மறுப்பை வெட்டி என் கடைக் கண்ணாடியில் ஒட்ட நான் தயார்.

இப்படிக்கு,
மருந்துக் கடைக்காரர், சத்துவாச்சாரி, வேலூர்