பத்திரத்தில் இரண்டு பெயர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. கே.கே. நகர் வீட்டை சீக்கிரம் விற்றுவிட வேண்டும் என்று நீ அனுப்பிய இரண்டு வரியைப் பார்த்தேன். அதற்கு முந்தின நாளே யாரோ ஒரு தரகர் வந்து வீட்டை அளந்து படம் எடுத்துக்கொண்டு போனதாக மாடியில் குடியிருப்பவர் சொல்லிவிட்டார். முதலில் உன் வாயால் கேட்டிருக்கலாம், பரவாயில்லை. போனில் பேசினால் பாதியிலேயே “அப்புறம் கூப்பிடறேன்பா” என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். இரண்டு தடவை படி.

2016 கிரயப் பத்திரத்தில் வாங்குபவர் பெயர் இரண்டு: நீயும் மாப்பிள்ளையும். பங்கு இவ்வளவு என்று பிரித்து எழுதாததால் பாதிக்குப் பாதி என்றுதான் கொள்வார்கள். உன் செய்தியில் ஒருவர்தான் இருக்கிறார். வாங்க வருகிறவனின் வக்கீல் முதலில் இதைத்தான் பிடிப்பான். மாப்பிள்ளை கையெழுத்து இல்லாமல் நீ விற்கக்கூடியது உன் பாதியை மட்டும். குடியிருக்கும் வீட்டில் பாதியை வெளியாள் எவனும் நியாயமான விலைக்கு வாங்க மாட்டான்; வாங்குபவனுக்கு வங்கி கடனும் கொடுக்காது. மண்ணச்சநல்லூர் நிலத்தில் என்ன நடந்தது என்று உனக்கே தெரியும்.

அந்தத் தரகர் கொண்டுவந்த ஆள் உடனே முன்பணம் தருகிறாராம், உன்னிடமிருந்து பொது அதிகாரப் பத்திரமும் (உனக்குப் பதிலாக விற்க அதிகாரம் தரும் பவர்) நோட்டரி ஒப்பந்தமும் போதும் என்கிறாராம். வேண்டாம். ஏன் என்று கேள். பவரையும் ஒப்பந்தத்தையும் வைத்துச் சொத்து கைமாறாது என்று 2011இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் வீட்டுக் கடன், சொத்து வரி, வருமான வரி எல்லாம் உங்கள் தலையில்தான் நிற்கும். விற்கும் அதிகாரம் மட்டும் அவன் கையில் போய்விடும். அவன் ஆற அமர மூன்றாவது ஆளைத் தேடி, மேலே வரும் லாபத்தை எடுத்துக்கொள்வான். முன்பணம் வாங்கிக்கொண்டு கொடுத்த பவரை நினைத்தபோது ரத்து செய்யவும் முடியாது. எனக்கும் இதில் உரிமை உண்டு என்று கோர்ட்டுக்குப் போவான். தமிழ்நாட்டில் அசையாச் சொத்துக்கான பவரும் விற்பனை ஒப்பந்தமும் 2012க்குப் பிறகு கட்டாயம் பதிவாக வேண்டும். அப்படியிருக்க ஒருவன் நோட்டரி போதும் என்றால், அவனுக்கு விவரம் தெரியவில்லை, அல்லது உனக்குத் தெரியாது என்று நினைக்கிறான். ஏதாவது கையெழுத்துப் போட்டுவிட்டாயா? போட்டிருந்தால் மறைக்காமல் சொல். திட்ட மாட்டேன்.

முறையாகச் செய்தாலும் வேகமாகச் செய்யலாம். புனேயிலிருந்து இரண்டு பேரும் ஒரு நாள் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டால் பவரே வேண்டாம். ஆதார், பான் அசல், சாட்சிக்கு அடையாள அட்டையோடு இரண்டு பேர். பதிவு அலுவலகத்தில் விரல் ரேகையும் படமும் எடுத்துக்கொள்வார்கள், ஒரு காலை வேலை. இரண்டு பேருக்கும் ஒன்றாக விடுப்பு கிடைப்பது கஷ்டம் என்றால் (விடுப்புதான் கஷ்டம் என்று வைத்துக்கொள்கிறேன்), மாப்பிள்ளை உனக்கு ஒரு பவர் எழுதிக் கொடுக்கட்டும். நீ இங்கே வந்து உனக்காக ஒன்று, அவருக்கு முகவராக ஒன்று என்று கையெழுத்துப் போடலாம். பவரை அப்பா பெயருக்கே எழுதச் சொல்லலாமே என்று நினைப்பாய். மகாராஷ்டிராவில் கணவன் மனைவிக்கு விற்பனை பவர் எழுதினால் முத்திரைத் தீர்வை சொற்பம். நெருங்கிய உறவு அல்லாதவருக்கு எழுதினால் கிரயத்துக்குரிய தீர்வையையே கேட்பார்கள். மாமனார் நெருங்கிய உறவா என்று அங்கே கவுண்டரில் போய் நாம் வழக்காட வேண்டாம்.

அந்த பவர் எப்படி இருக்க வேண்டும் என்று குறித்துக்கொள். பொது பவர் கூடாது, இந்த ஒரு சொத்துக்கு மட்டுமான தனி பவர். மாப்பிள்ளை புனேயில் எந்தச் சார்பதிவாளர் எல்லைக்குள் குடியிருக்கிறாரோ, அந்த அலுவலகத்தில் நேரில் போய்ப் பதிய வேண்டும். நோட்டரி முத்திரை மட்டும் இருந்தால் இங்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆங்கிலத்தில் எழுதச் சொல். மராத்தியில் இருந்தால் மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும், இரண்டு வேலை. சொத்து விவரத்தைக் கிரயப் பத்திரத்தில் உள்ளபடி எழுத்து மாறாமல் இறக்க வேண்டும்: வார்டு, பிளாக், நகர அளவை எண், கதவு எண், நான்கெல்லை, சதுர அடி. ஒரு இலக்கம் பிசகினாலும் பிழைதிருத்தலுக்கு மறுபடி அங்கேயே போய் நிற்க வேண்டும். விற்பனைத் தொகை அவரவர் வங்கிக் கணக்கில் மட்டும் வர வேண்டும், ரொக்கம் வாங்க அதிகாரம் இல்லை என்றும் ஒரு வரி சேர்க்கச் சொல். உன்மேல் நம்பிக்கை இல்லாமல் அல்ல. பின்னால் யாரும் யாரையும் ஒரு சொல் சொல்லாமல் இருக்கத்தான்.

இதற்கு நீங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் போக வேண்டியதில்லை. எழுதிக் கொடுப்பவர் மட்டும் போனால் போதும்.

பவர் வந்துவிட்டால் முடிந்தது என்று நினைக்காதே. நீ அவருக்காகக் கையெழுத்துப் போடும்போது, எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்று கேட்பார்கள். அது 30 நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். எழுதிக் கொடுத்தவர் போய்விட்டால் பவரும் போய்விடும் என்பதால் வந்த ஏற்பாடு. முன்கூட்டியே வாங்கிவைத்தால், கிரயம் தள்ளிப்போகும்போது தேதி காலாவதியாகி நிற்கும். பதிவுக்கு டோக்கன் போட்ட பிறகு வாங்கச் சொல்.

அவர் இப்போது புனேயில்தானே இருக்கிறார்? வேலை விஷயமாக வெளிநாடு போகலாம் என்று தீபாவளிக்கு வந்தபோது பேச்சு வந்தது, அதனால் கேட்கிறேன். வெளிநாட்டில் இருந்தால் கணக்கே வேறு. இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும், அது இந்தியாவுக்குள் வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். வருமான வரியில் அவர் வெளிநாட்டுவாசி என்று ஆகிவிட்டால், அவர் பங்குக்கு வாங்குபவர் பிடிக்க வேண்டிய வரி ஒரு சதவீதத்தில் நிற்காது, பல மடங்கு ஏறும். எந்த ஊர் என்று மட்டும் சொல், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கடன் பற்றி. வங்கியில் முடிவுக் கணக்குக் கடிதமும், அவர்களிடம் உள்ள அசல் பத்திரங்களின் பட்டியலும் எழுத்தில் கேட்டு வாங்கு. மாறும் வட்டிக் கடன் என்பதால் முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது, யாராவது கேட்டால் கொடுக்காதே. வாங்குபவர் தன் பணத்திலிருந்து கடன் பாக்கியை நேராக உங்கள் கடன் கணக்கில் கட்டலாம், ஒப்பந்தத்தில் அப்படியே எழுதிக்கொள்ளலாம். கடன் அடைந்த 30 நாளுக்குள் அசல் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் அவர்கள் உனக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி 2023 டிசம்பரிலிருந்து இருக்கிறது. பத்திரம் கைக்கு வந்தாலும் வில்லங்கச் சான்றில் அடமானப் பதிவு அப்படியே நிற்கும். கடன் தீர்ந்தது என்று வங்கி ரசீதுப் பத்திரம் எழுதி இங்கே பதிந்தால்தான் அது தீரும். வெளியூரில் இருப்பவர்கள் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். கடைசி நாளில் வில்லங்கம் போட்டுப் பார்த்தால் கடன் உயிரோடு இருக்கும், வாங்குபவர் எழுந்து போய்விடுவார். கடனும் கூட்டுக் கடன். அசலை வாங்கும்போது அங்கேயும் மாப்பிள்ளை கையெழுத்து கேட்பார்கள்.

ஒருவேளை விற்காமல், அவர் பாதியை உனக்கே எழுதிக் கொடுப்பதாகப் பேச்சு இருந்தால் அதற்கும் வழி உண்டு. விடுதலைப் பத்திரம் போடலாம். குடும்பத்துக்குள் என்றால் தீர்வை நூற்றுக்கு ஒன்றுதான், அதற்கும் உச்ச வரம்பு உண்டு. கணவன் மனைவி என்ற உறவு சட்டப்படி இருக்கும்வரைதான் அந்தச் சலுகை. சட்டம் அப்படி என்பதற்காகச் சொல்கிறேன். பிறகு நீ ஒருத்தியாக நிதானமாக விற்கலாம், விற்காமலும் இருக்கலாம். ஆனால் கடனில் அவர் பெயரை எடுக்க வங்கி ஒப்ப வேண்டும், உன் சம்பளம் மட்டும் போதுமா என்று பார்ப்பார்கள். உன் சம்பளம் போதும் என்றுதான் நினைக்கிறேன். இருபத்தாறு வயதில் சொந்தச் சம்பாத்தியத்தில் முன்பணம் கட்டி வீடு வாங்கினவள் நீ.

விலை. நம் தெருவுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பைப் பதிவுத்துறை இணையதளத்தில் பார், இலவசம். வாங்குபவருக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 65 லட்சம் என்றால் 5,85,000 ரூபாய் அவர் கையிலிருந்து போகிறது. அதனால் பத்திரத்தில் குறைத்துக் காட்டி மீதியை ரொக்கமாகத் தருகிறேன் என்பார். சம்மதிக்காதே. வீட்டு விற்பனையில் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால் வாங்கிய அளவுக்கே அபராதம் வரும். 50 லட்சமோ அதற்கு மேலோ போனால் வாங்குபவர் ஒரு சதவீதம் வரி பிடிப்பார். 65 லட்சத்துக்கு 65,000, உங்கள் இரண்டு பான் எண்ணிலும் பாதிப் பாதியாகக் கட்டச் சொல். பான் ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள், இல்லாவிட்டால் 20 சதவீதம் பிடிக்க வேண்டிவரும். லாபத்துக்கு 12.5 சதவீதம், அல்லது விலைவாசிக் குறியீட்டோடு 20 சதவீதம்; 2024 ஜூலை 23க்கு முன் வாங்கியதால் இரண்டில் குறைந்தது எதுவோ அது. இரண்டு வருஷத்துக்குள் வேறு வீடு வாங்கினால் அந்த வரியும் மிச்சமாகும். வாங்குவதாக உத்தேசம் இருக்கிறதா? அல்லது பணம் வேறு எதற்காவது அவசரமாகத் தேவைப்படுகிறதா? தேவை என்றால் எவ்வளவு என்று சொல். என் வைப்புத்தொகை மார்ச்சில் முதிர்கிறது. வீட்டை அவசரத்துக்கு விற்றால் விலையில் அடிபடும்.

அசலும் வில்லங்கமும் தயாராக இருந்தால், கடன் வாங்காமல் சொந்தப் பணத்தில் வாங்குபவரிடம் கொஞ்சம் விட்டுக்கொடுத்து விரைவில் முடிக்கலாம். கடன் போடுபவர் நல்ல விலை தருவார். அவர் வங்கியின் வக்கீல் கருத்துக்கும் மதிப்பீட்டுக்கும் சில வாரம் பிடிக்கும். மொட்டை மாடித் தகரக் கொட்டகை வரைபட அனுமதியில் இல்லை, மதிப்பீட்டாளர் அதைச் சேர்க்க மாட்டார். முதலிலேயே சொல்லிவிடு. பட்டா உங்கள் இரண்டு பேர் பெயரிலும் சரியாக இருக்கிறது, பார்த்துவிட்டேன். சொத்து வரியும் மின் இணைப்பும் இன்னும் பழைய சொந்தக்காரர் பெயரில். கிரய நகலை வைத்து மாநகராட்சியிலும் மின்வாரியத்திலும் நான் மாற்றி வைக்கிறேன். குடியிருப்பவரிடம் நானே பேசுகிறேன்; அவருடைய முன்பணத்தை யார் திருப்புவது என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.

இன்னொன்று. பத்திரத்தில் உன் பெயருக்குப் பின்னால் மாப்பிள்ளை பெயர், ஆதாரிலும் அப்படியே. பெயரை ஏதாவது மாற்றுவதாக இருந்தால் கிரயம் முடியும்வரை பொறு. அதற்குமேல் உன் இஷ்டம், நான் கேட்க மாட்டேன்.

அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. நீ கூப்பிடவில்லை என்று தினமும் சொல்கிறாள். விற்பது பற்றி அவளுக்கு இன்னும் தெரியாது.

மாப்பிள்ளை ஆதார் நகல், பான் நகல், அவர் இப்போது இருக்கும் முகவரி மூன்றையும் அனுப்பு. பவர் வாசகத்தை நானே எழுதி அனுப்புகிறேன், அங்கே யாரிடமும் எழுத வைக்காதே. எனக்குத் தெரியாமல் ஒரு இடத்திலும் கையெழுத்துப் போடாதே.

அன்புடன்
அப்பா

பி.கு. கிரயத்துக்கு வரும்போது பின்னுக்கு இரண்டு நாள் சேர்த்துப் போடு. சர்வர் நின்றுவிட்டால் பதிவு மறுநாளுக்குப் போகும். இரண்டு பேருமாக வந்தாலும் சரி, நீ மட்டும் வந்தாலும் சரி, எங்கள் வீட்டு மாடி அறையைச் சுத்தம் செய்து வைக்கச் சொல்கிறேன்.