கடற்கரை நாடகங்கள் ஊர் ஊராகப் போகட்டும்

ஆசிரியருக்கு வணக்கம். போன ஞாயிறு எங்கள் ஊர் கோயில் முற்றத்தில் பருவநிலை மாற்றம் பற்றிப் பிள்ளைகள் சில குறுநாடகங்கள் போட்டார்கள். ஒன்றில் ஒரு பாட்டி, அலை கொண்டுபோன தன் வீட்டு அடுப்படி இருந்த இடத்தைக் கடலுக்குள் கைநீட்டிக் காட்டுகிறாள். பக்கத்தில் மீன் விற்கும் அக்கா அழுதே விட்டார்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, எச்சரிக்கை எட்டும் முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்த ஆட்களை இழந்த குமரிக் கரை இது. அரபிக்கடல் சூடாகிப் புயல்கள் வலுக்கின்றன என்கிறார்கள் ஆய்வாளர்கள், காற்றும் நீவாடும் (கடல் நீரோட்டமும்) பழைய கணக்கில் இல்லை என்கிறார்கள் எங்கள் ஆட்கள். அப்புறம், அலையைத் தடுக்கக் கடலுக்குள் போடும் கல் சுவரான தூண்டில் வளைவு ஒரு ஊரைக் காத்து அடுத்த ஊர் மணலைத் தின்பதையும் பிள்ளைகள் மேடையில் சொன்னார்களே, அது பெரிய துணிச்சல்.

சென்னை அரங்குகளுக்குக் கொண்டுபோகும் முன், எங்கள் மாவட்டத்து மீனவ ஊர்களான தூத்தூர், வள்ளவிளை கரைகளில் இந்த நாடகங்களைப் போடுங்கள்.

- ஒரு வாசகர், குமரி மாவட்டம்