டியூபின் பின்பக்கத்தைப் படி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய டியூப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிறப்புறுப்பில் அரிப்பு, வெள்ளைப்படுதல் என்று கடையில் வாங்கித் தடவுகிறாயே, முதலில் அதைத் தடவுவதை நிறுத்து. போனில் கேட்டால், பக்கத்தில் ரூம்மேட் இருக்கிறாள் என்று "ம்ம்... ம்ம்" மட்டும் சொல்வாய். அதனால்தான் எழுதுகிறேன்.

பின்பக்கத்தில் பொடி எழுத்தில் மூன்று பெயர்கள் இருக்கின்றன: க்ளோட்ரிமசோல், நியோமைசின், க்ளோபெட்டசால். முதலாவது மட்டும்தான் பூஞ்சைக்கு மருந்து. நியோமைசின் பாக்டீரியாவுக்கு. க்ளோபெட்டசால் ஸ்டீராய்டு, அதிலும் கடுமையான ரகம். க்ளோட்ரிமசோல், க்ளோபெட்டசால் என்று காதுக்கு அண்ணன் தம்பி மாதிரிக் கேட்கும்; வேலையில் சம்பந்தமே இல்லை. ஸ்டீராய்டு பட்டதும் ஒரே நாளில் அரிப்பு அடங்கும், நல்ல மருந்து என்று தோன்றும். ஆனால் பூஞ்சையோடு சண்டை போடும் சக்தியை அந்த இடத்தில் மழுங்கடித்துவிடும். தொடர்ந்து தடவினால் தோல் மெலியும், நிறுத்தினால் அரிப்பு திரும்பி வரும். "படர்தாமரை, அரிப்பு எல்லாத்துக்கும் ஒண்ணு" என்று கடையில் தூக்கிக் கொடுப்பது பெரும்பாலும் இந்த வகைதான்.

உனக்கு இந்த அரிப்பு வந்ததற்குக் காரணம் அநேகமாக, பல்லுக்கு ஒரு வாரம் சாப்பிட்ட ஆன்டிபயாடிக். பிறப்புறுப்புக்குள்ளே லாக்டோபேசிலஸ் என்ற நல்ல பாக்டீரியா காவல்காரர் மாதிரிக் குடியிருக்கிறது. கேண்டிடா பூஞ்சையும் பலருக்குக் கொஞ்சமாக, சும்மா இருக்கும். ஆன்டிபயாடிக் காவல்காரரை அடித்துவிட்டால் பூஞ்சை பெருகிவிடும். சுத்தமில்லாததால் வந்ததும் இல்லை, உடம்புச் சூடும் இல்லை. மோர் குடி, வேண்டாம் என்று சொல்லவில்லை, அது வயிற்றுக்கு.

ஆனால் வெள்ளைப்படுவதெல்லாம் பூஞ்சை இல்லை. மாதவிலக்குக்கு இரண்டு வாரம் முன்பு முட்டை வெள்ளைக்கரு மாதிரி இழுபடுவது இயற்கை. பூஞ்சை என்றால் திரிந்த பால் மாதிரிக் கட்டிகட்டியாக இருக்கும், நாற்றம் பெரிதாக இருக்காது, அரிப்பு தூங்கவிடாது, சிறுநீர் பட்டால் எரியும். சாம்பல் நிறமாக நீர்த்து, மீன் கவிச்சி அடித்தால் அது பாக்டீரியா. அதற்கு வேறு மருந்து. மஞ்சள் பச்சையாக நுரைத்து வந்தால் பால்வினைத் தொற்றாக இருக்கலாம். இது உனக்கு முதல் முறை என்பதால் நீயே முடிவு கட்டாமல் டாக்டரிடம் காட்டு. காய்ச்சல், அடிவயிற்று வலி, புண், இடையில் ரத்தம், இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே போ.

பூஞ்சைதான் என்றால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றை எழுதுவார்கள். ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம், ஒரே ஒரு மாத்திரை, விழுங்குவது. வேறு மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் முன்னாடியே சொல்லிவிடு, சிலவற்றோடு ஒத்துப்போகாது. இல்லையென்றால் க்ளோட்ரிமசோல், உள்ளே வைக்கும் மாத்திரை: 500 மில்லிகிராம் ஒரு இரவு, அல்லது 200 என்றால் மூன்று இரவு, 100 என்றால் ஆறு இரவு. இதை விழுங்கக் கூடாது. கையைக் கழுவி, மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, கூட வரும் குழலாலோ விரலாலோ முடிந்த அளவு ஆழமாக வை. படுக்கப் போகும்போது வை, வைத்தபின் எழுந்து நடக்காதே, ஒரு நாப்கின் போட்டுக்கொள். காலையில் சுண்ணாம்புத் தூள் மாதிரி வந்தால் அது கரையாத மருந்து, பயப்படாதே. இரண்டு மூன்று நாளில் குறையும், முழுசாக ஆற ஒரு வாரம் ஆகலாம். அரிப்பு போய்விட்டது என்று மூன்றாம் நாளே ஆறு நாள் மருந்தை நிறுத்துவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு.

நாளைக்குப் பிள்ளை உண்டாகும் காலத்துக்கும் சேர்த்துச் சொல்லி வைக்கிறேன்: அப்போது விழுங்கும் மாத்திரை வேண்டாம், உள்ளே வைக்கும் மருந்து ஏழு நாள் என்பதுதான் வழக்கம்.

டெட்டால் ஊற்றிக் கழுவாதே. வாசனைத் திரவமும் வேண்டாம், உள்ளே தயிர், பூண்டு எதுவும் வேண்டாம். வெளியே வெறும் தண்ணீர், துணியால் ஒற்றி எடுத்தால் போதும். இன்னொன்று, ஹாஸ்டலில் நீங்களெல்லாம் உள்ளாடையைத் துண்டுக்கடியில் மறைத்துக் காயப்போடுகிறீர்களே, அது காயவே காயாது. ஈரத்தோடு போட்டுக்கொண்டு போனால் புழுக்கம்தான். யார் பார்த்தால் என்ன, வெயிலில் போடு. பருத்தியாக இருக்கட்டும்.

ஒரு வருஷத்தில் மூன்று தடவைக்கு மேல் வந்தால் ஒவ்வொரு முறையும் அதே மாத்திரையை வாங்கி விழுங்காதே. சர்க்கரை பார்க்கச் சொல். ரத்தத்தில் சர்க்கரை கூடினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். எந்த வகைக் கேண்டிடா என்று கல்ச்சர், அதாவது சாம்பிளை வளர்த்துப் பார்க்கும் சோதனை, செய்தும் பார்க்க வேண்டியிருக்கும். க்ளாப்ராட்டா என்று ஒரு வகை இருக்கிறது, ஃப்ளூகோனசோலுக்குச் சரியாக மசியாது.

டாக்டரிடம் போகும்போது அந்த டியூபையும் எடுத்துக்கொண்டு போ, எத்தனை நாள் தடவினாய் என்றும் சொல். அதுவரை உள்ளே எதையும் வைக்காதே. மருந்து ஒட்டியிருந்தால் சாம்பிளில் சரியாகத் தெரியாமல் போகலாம்.

அன்புடன்,
அம்மா