எடை கடைசியில்தான்: சரக்கு வேகன் அனுப்பும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். தடம் புரள்கிறது என்று அனுப்பிய, 'என்' ஸ்கேல் எனும் மிகச் சிறிய அளவு மாதிரி ரயில் வேகன் எடை கூட்டப்படாமலே திரும்பி வந்திருக்கிறதே என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். வேறு சிலருக்கு, அவர்களே உள்ளே ஒட்டியிருந்த ஈயத் துண்டுகளை நாங்கள் பெயர்த்தெடுத்து உறையிலிட்டு அனுப்பியதில் வருத்தம். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. எடை சேர்ப்பதை இப்போது கடைசி வேலையாக வைத்திருக்கிறோம்.

முன்பு நாங்களும் எடையிலிருந்துதான் தொடங்கினோம். ஒருமுறை 20 நிலக்கரி வேகன்கள் கொண்ட தொடர் ஒன்றுக்கு வேகன் தவறாமல் எடை ஏற்றிக் கொடுத்தோம். தடம் புரள்வது குறைந்தது. ஆனால் மேட்டுப் பாதையில் எஞ்சினின் சக்கரங்கள் வழுக்கின, தொடர் நகரவில்லை. எல்லாவற்றையும் திரும்ப வாங்கி, ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தோம். பல வேகன்களில் அச்சு முனைகளில் தலைமுடியும் பஞ்சிழையும் சுற்றியிருந்தன. சிலவற்றில் சக்கரங்களின் இடைவெளியே தவறாக இருந்தது. நோய் ஒரு பக்கம் இருக்க, மருந்தை மறுபக்கம் தடவியிருக்கிறோம். அந்த வாடிக்கையாளருக்கு ஏற்பட்ட சிரமத்தை இன்றும் மறக்கவில்லை.

ஆகவே இப்போது முதலில் பார்ப்பது சக்கரம். 'என்' ஸ்கேல் தண்டவாளங்களின் இடைவெளி 9 மி.மீ.தான். சக்கரங்களின் இடைவெளி அதற்குப் பொருந்தாமல் ஒரு மயிரிழை பிசகினாலும், பாயிண்டை, அதாவது பாதை பிரியும் இடத்தைக் கடக்கும்போது சக்கரம் ஏறிவிடும். அளவுத் தகட்டை வைத்துப் பார்த்து, தேவையானால் சக்கரத்தை அச்சின் மேல் மெல்லத் திருகி நகர்த்துகிறோம். பழைய வேகன்களில் சக்கர விளிம்பு ஆழமாக இருக்கும். 1.4 மி.மீ. உயரமே உள்ள மெல்லிய தண்டவாளத்தில் அது ஆணித் தலைகளில் தட்டித் தடதடக்கும். அப்படிப்பட்டவற்றுக்கு விளிம்பு குறைந்த உலோகச் சக்கரங்களை மாற்றச் சொல்கிறோம். நீங்களே வாங்கி மாட்டுவதானால் அச்சின் நீளத்தைக் கவனியுங்கள். எல்லா அச்சும் ஒரே நீளமில்லை. நீண்டால் இறுகும், குறைந்தால் ஆடும். எண்ணெய் மட்டும் வேண்டாம். தூசியை அழைத்து வந்து பசையாக்கிவிடும். உராய்வு குறைய, உலர்ந்த கிராஃபைட் தூள் ஒரு துளி போதும்.

அடுத்தது போகி. பேச்சு வழக்கில் ரயில் பெட்டியையே போகி என்பதுண்டு. நாங்கள் சொல்வது பெட்டிக்கு அடியில் நான்கு சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் சட்டத்தை. இரண்டு போகிகளையும் ஒரே இறுக்கத்தில் முடுக்குவதுதான் நாங்கள் அதிகம் காணும் தவறு. சமமில்லாத தரையில் நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது. வேகனையும் முக்காலியாக்கிவிட வேண்டும். ஒரு போகி இடம் வலமாகத் திரும்ப மட்டும் இடம் கொடுத்து முடுக்குங்கள். மற்றதை, பக்கவாட்டிலும் சற்றுச் சாயும்படி தளர்வாக விடுங்கள். பாதை லேசாக முறுக்கியிருந்தாலும் எட்டுச் சக்கரங்களும் தண்டவாளத்தை விட்டு எழாது. ஒரு திருகைக் கால் சுற்றுத் தளர்த்தியதிலேயே பல வேகன்கள் குணமாகி உங்களிடம் திரும்பியிருக்கின்றன. அவற்றுக்கு வேறு எதுவும் செய்யவில்லை, செய்யத் தேவையுமில்லை.

வேகன்களை ஒன்றோடொன்று இணைக்கும் கப்ளிங் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே உங்கள் பாதையைத் தெரிந்துகொள்ளாமல் எங்களால் முடிவெடுக்க முடியாது. போகியோடு சேர்ந்த கப்ளிங் உள்ள வேகனை எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும்போது, அந்த விசை போகியைப் பக்கவாட்டில் திருப்பப் பார்க்கும். நீண்ட தொடரைத் தள்ளினால் நடுவில் ஏதோ ஒன்று சாய்வது இதனால்தான். கப்ளிங்கைப் பெட்டியின் அடிப்பாகத்தில் பொருத்தினால் விசை பெட்டி வழியாகவே போய்விடும், போகி தன் வேலையை மட்டும் பார்க்கும். ஆனால் 25 செ.மீ. ஆரம் போன்ற குறுகிய வளைவுகளில் இந்த மாற்றம் எதிராகத் திரும்பும். நீண்ட வேகனின் முனை வளைவுக்கு வெளியே நீண்டு, பக்கத்து வேகனையும் இழுத்துத் தள்ளிவிடும். அப்படிப்பட்ட பாதை உள்ளவர்களுக்கு மாற்றாமல் விடுவதே நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து. எந்த வகையானாலும் உயரம் ஒன்றாக இருக்க வேண்டும். பாதைக்கு அடியில் வைக்கும் காந்தத்தால் கழலும் காந்தக் கப்ளிங்கின் அடியில் தொங்கும் வளைந்த கம்பி தாழ்ந்திருந்தால் பாயிண்டில் மாட்டிக்கொள்ளும். அதைத் தண்டவாள மட்டத்துக்குச் சற்று மேலே நிறுத்துகிறோம்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் தராசு. என்.எம்.ஆர்.ஏ. என்ற அமெரிக்க மாதிரி ரயில் சங்கத்தின் பரிந்துரைப்படி, 'என்' ஸ்கேலுக்கு அடிப்படை அரை அவுன்ஸ், அதோடு வேகனின் நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 0.15 அவுன்ஸ். நிஜத்தில் 40 அடி நீளமுள்ள வேகன் இந்த அளவில் 3 அங்குலம். ஆகவே சுமார் 27 கிராம். 50 அடி வேகனுக்கு சுமார் 30 கிராம். அதற்கு மேல் ஏற்றுவதில்லை. கனத்தைவிட, வேகன்களின் எடை ஒத்திருப்பது முக்கியம். முன்னால் இருக்கும் லேசான வேகன், பின்னால் வரும் கனமானவற்றை வளைவில் இழுக்கும்போது உட்பக்கம் சாய்ந்துவிடும். காலியான தட்டை வேகன்கள்தான் இதில் அதிகம் அகப்படுகின்றன.

எடைத் துண்டை இயன்றவரை தரையை ஒட்டி வையுங்கள். ஈயம் நச்சு, கையாண்டால் கை கழுவுங்கள், குழந்தைகளிடம் கொடுக்க வேண்டாம். வெள்ளைப் பசையால் ஒட்டிய ஈயம் நாளடைவில் பூத்து உப்பிப் பெட்டியையே பிளந்துவிடுவதுண்டு. உங்கள் துண்டுகளைப் பெயர்த்ததற்கு இதுவும் ஒரு காரணம். பாதைக்கு அடியில் காந்தம் வைத்திருப்பவர்கள் இரும்பு எடையையும் தவிர்க்க வேண்டும், வேகனைக் காந்தம் பிடித்து இழுக்கும். இடம் குறைவென்றால் டங்ஸ்டன்: ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் அடர்த்தி.

இனி வேகன் அனுப்பும்போது ஒரு தாளில் மூன்று விவரங்கள் எழுதி வைத்தால் வேலை விரைவாக முடியும்: உங்கள் பாதையின் மிகக் குறுகிய வளைவின் ஆரம், தொடரைப் பின்னோக்கித் தள்ளுவது உண்டா, வேகன் எந்த இடத்தில் புரள்கிறது. முடிந்தால் அதோடு இணைந்து ஓடும் பக்கத்து வேகனையும் சேர்த்து அனுப்புங்கள்.

அன்புடன்,
பழுதுபார்க்கும் மேசையிலிருந்து