பழைய மீட்புப் படகின் பின்பலகையைத் தட்டிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கைவிட்ட மீட்புப் படகை வாங்கி இளைஞர்களுக்குக் கடற்பயிற்சி தர முனையும் சமயக் குழுவினருக்கு எங்கள் ஆதரவு உண்டு. ஆனால் வர்ணம் பூச முன், எஞ்சின் மாட்டும் பின்பலகையைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். 'டக்'கென்று கணீரெனக் கேட்டால் நல்லது. மந்தமாகக் கேட்டால் பைபர் (கண்ணாடியிழை) பூச்சுக்குள் இருக்கும் ஒட்டுப்பலகை உக்கிவிட்டது. போல்ட் துளைகளால் இறங்கும் தண்ணீர்தான் காரணம். தளத்தின் கீழ் மிதப்புக்காக அடைத்துள்ள நுரையும் நீர் குடித்திருக்கலாம். படகை எடை போட்டுப் பார்த்தால் தெரியும்.

கூரையில் ஒலிபெருக்கி, கொடிமரம் வேண்டவே வேண்டாம். மேலே பாரம் ஏறினால், கவிழ்ந்தால் தானாக நிமிரும் வகைப் படகும் நிமிராமல் போகலாம். பிள்ளைகள் ஏறும் படகு இது.

பழக்குவது வாவிக்குள்ளேயே நடக்கட்டும். முகத்துவாரத்தில் மணல்மேடு இடம் மாறும். ஓடி முடிந்ததும் எஞ்சினைக் குளிரூட்டும் நீர் வழிக்குள் 10 நிமிடம் நல்ல தண்ணீர் விடுங்கள், இல்லாவிட்டால் உப்புப் படிந்து அந்த வழி அடைபடும்.

படகு திருத்துநர்கள்,
மட்டக்களப்பு